தோள்சீலையும் குப்பாயமும்

திருவனந்தபுரத்தில் ஆடை வடிவமைப்புப் பயிலும் மாணவி ஒருத்தி, தன் முதல் சோதனை ஆடைக்குத் துணி தேடிச் சாலைக் கடைத்தெருவுக்கு வருவதாகக் கொள்வோம். அவளுக்கு வேண்டியது பட்டன்று, கசவுமன்று. சாயமேறாத மலிவான கோராத் துணி. தாளில் வரைந்த வடிவம் உடலின்மேல் எப்படி அமரும் என்பதை விலையுயர்ந்த துணியில் சோதித்துப் பார்க்க இயலாது. ஆகவே முதலில் கோராவில் வெட்டி, ஓட்டுத் தையலிட்டு, பொம்மையுருவில் மாட்டி, தோளில் இழுக்கிறதா, அக்குளில் பிடிக்கிறதா என்று பார்த்து, பிரித்து மறுபடி தைப்பாள். வகுப்பறையில் இதற்கு 'டாய்ல்' என்று பெயர். பிரெஞ்சு மொழியில் அச்சொல்லுக்குத் துணி என்பதே பொருள்.

அவள் தொடக்கத்தில் கற்பவை இரண்டு வழிகள். துணியை வெட்டாமல் உருவின்மேல் போர்த்தி, மடித்து, குண்டூசியால் நிறுத்தி வடிவம் காண்பது ஒன்று. அளவெடுத்து, தாளில் வரைந்து, வெட்டி இணைப்பது மற்றொன்று. போர்த்துதலும் வெட்டுதலும் இன்று நுட்ப வேறுபாடு மட்டுமே. ஆனால் 19ஆம் நூற்றாண்டுத் திருவிதாங்கூரில் அரை நூற்றாண்டுக் காலம் இவ்வேறுபாட்டை அரசாணைகள் காவல் காத்தன. அதன்பொருட்டுப் பெண்கள் சந்தையில் தாக்கப்பட்டனர். பள்ளிகளும் ஆலயங்களும் எரிந்தன.

சாலை என்ற பெயரைக் கண்டதும் கல்வெட்டு படித்தவர்களுக்குக் காந்தளூர்ச் சாலை நினைவுக்கு வரும். அந்த ஆராய்ச்சி இங்கு வேண்டியதில்லை. இப்போதைய கடைத்தெரு 18ஆம் நூற்றாண்டின் இறுதியில், தலைநகர் பத்மநாபபுரத்திலிருந்து திருவனந்தபுரத்துக்கு மாறிய காலத்தை ஒட்டி, திவான் ராஜா கேசவதாசன் ஏற்படுத்தியது. தென்திருவிதாங்கூரிலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் வந்த தமிழ் வணிகர் பலர் இங்கே வேர்விட்டனர். இத்தெருவில் கடை நடத்திக்கொண்டே இதன் மனிதர்களைத் தமிழ்ச் சிறுகதைக்குள் கொண்டுவந்தவர் ஆ. மாதவன். மேற்கே கிழக்கேகோட்டையும் பத்மநாபசுவாமி கோயிலும். மறுமுனையில் கிள்ளிப்பாலம், கரமனை வழியாகத் தெற்கே இறங்கினால் பாலராமபுரம், நெய்யாற்றின்கரை, பிறகு நாகர்கோவில். பாலராமபுரத்தில் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குடியேற்றப்பட்ட சாலியர் நெய்தவை முண்டும் நேரியதும். கத்தரியும் ஊசியும் படாத ஆடைகள். நாகர்கோவிலில் அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் ஊசி வேறொரு வேலையைத் தொடங்கியது.

தமிழில் தையல் பழைய தொழில்தான். சிலப்பதிகாரம் புகார் நகரத்துத் தொழிலாளரிடையே துன்னகாரரை வைக்கிறது. எனினும் உடலின் வடிவுக்கேற்பத் தைத்த மேலாடை என்று வரும்போது, பழைய நூல்கள் அதைப் பெரும்பாலும் அயலார், ஏவலர், துறவுக்கோலத்தார் ஆகியோர் மேனியில்தான் காண்கின்றன. முல்லைப்பாட்டில் மெய்ப்பை அணிந்தவர் பாசறை காக்கும் யவனர். மெய்யை இட்டுவைத்த பை! சட்டையைக் கண்டு பழகாத கண் சூட்டிய பெயர் போலத் தோன்றுகிறது. சிலப்பதிகாரத்தில் கஞ்சுகம் அணிவோர் அரச ஏவலர். திருவாசகத்தில் குப்பாயம் இறைவன் கொண்ட கோலத்தில் ஒன்று. மதிப்புக்குரியவர் உடுப்பதும் போர்ப்பதும் தைக்காத துணி என்ற எண்ணம் நெடுங்காலம் நிலைத்திருந்தது. தைப்பவரின் நிலையும் உயர்ந்ததன்று: தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட தொகுதிகளில், ஒருகாலத்தில் யாழ் ஏந்திய பாணர் பெயரைத் தாங்கிய சாதியார் மதுரை, திருநெல்வேலிப் பகுதிகளில் தையற்காரராகக் காணப்படுகின்றனர்.

இந்தப் பின்னணியில்தான் 1814ஆம் ஆண்டு ஆணையை வாசிக்க வேண்டும். ரெசிடென்டாகவும் திவானாகவும் இருந்த கர்னல் மன்றோ, கிறித்தவம் தழுவிய பெண்கள் மேனியை மறைத்துக்கொள்ளலாம் என்று அனுமதித்தார். ஆனால் சிரியன் கிறித்தவரும் மாப்பிளைமாரும் அணியும் குப்பாயத்தைப் போன்ற ஒன்றால். நாயர் பெண்கள் தோளில் இடும் மேல்முண்டுக்கு அனுமதி இல்லை. 1829 பிப்ரவரியில் வந்த அரச விளம்பரம் இதையே மீண்டும் வலியுறுத்தியது: குப்பாயம் ஆகலாம், தோள்சீலை ஆகாது. 1858இன் இறுதியில் மீண்டும் கலவரம் மூண்டபோது திவான் மாதவராவ் 1829ஐயே நினைவூட்டினார். சென்னை ஆளுநர் சார்ல்ஸ் டிரெவெலியன் தலையிட்ட பின், 1859 ஜூலை 26 அன்று உத்திரம் திருநாள் மகாராஜா புதிய விளம்பரம் ஒன்றை வெளியிட்டார். ஆவணங்களில் சாணார் என்று எழுதப்பட்ட நாடார் பெண்கள், எம்மதத்தவராயினும், குப்பாயம் அணியலாம். முக்குவத்திகளைப் போல் முரட்டுத் துணியைச் சுற்றிக் கட்டலாம். வேறு எவ்விதத்திலும் மறைத்துக்கொள்ளலாம். மேல்சாதிப் பெண்களைப் போல் மட்டும் கூடாது.

இவ்வாணைகளை ஒரு வடிவமைப்பாளரின் கண்ணோடு படித்தால் அவை மறைப்பைப் பற்றி மட்டும் பேசவில்லை என்பது புலப்படும். எவ்வளவு மறைக்கலாம் என்பதைவிட எந்த முறையில் மறைக்கலாம் என்பதே அவற்றின் கவலை. குப்பாயம் தோள்சீலையைவிட முழுமையாக மூடும், அதற்குத் தடையில்லை. மடித்துத் தோளில் இட்ட, வெட்டாத துணிக்குத்தான் தடை. ஏனெனில் அத்துணி வெறும் துணியாக இருக்கவில்லை. அதை இடுவதும், தனக்கு மேலானவர் முன் அதை எடுப்பதும் சேர்ந்து ஒரு வரிசை முறையாக இருந்தன. நாயர் பெண்களும் கோயிலிலும் தம்மினும் உயர்ந்தோர் முன்னும் அதை நீக்கியாக வேண்டும். எடுத்து மரியாதை காட்ட ஒரு துணி வேண்டுமென்றால் முதலில் அதை இடும் உரிமை வேண்டும். குப்பாயத்தை அப்படிக் கழற்றி வணங்க இயலாது. ஆகவே அது வரிசைக்கு வெளியே நின்றது. தைத்த ஆடை தாழ்ந்தது என்ற மதிப்பீடே அதை அனுமதிக்கத்தக்கதாக்கியது.

போராட்டத்தின் பெயரிலும் ஒரு செய்தி உண்டு. மலையாளத்தில் இதற்கு 'மாறுமறய்க்கல் சமரம்' என்ற பெயர் பெருவழக்கு. மார்பை மறைப்பதற்கான போராட்டம். தமிழில் 'தோள்சீலைக் கலகம்'. மலையாளப் பெயர் உடலைச் சுட்டுகிறது, தமிழ்ப் பெயர் துணியைச் சுட்டுகிறது. கலகம் என்ற சொல் அதிகாரத்தின் சொல்தான், மறுப்பதற்கில்லை. ஆயினும் எதன்மேல் சண்டை நடந்தது என்பதைத் 'தோள்சீலை' துல்லியமாகச் சொல்லிவிடுகிறது. மறைக்கவே தடை இருந்தது போலவும், ஒருநாள் அது நீங்கியது போலவும் சமூக ஊடகங்களில் சுற்றும் கதைகள் இந்த நுட்பத்தைத் தொலைத்துவிடுகின்றன. தொலைப்பதால் கொடுமை பெரிதாகத் தெரியலாம். அதன் பொறி தெரியாமற் போகிறது.

சரி, அந்தக் குப்பாயத்தை யார் வடிவமைத்தது? 1818இல் நாகர்கோவிலுக்கு வந்த லண்டன் மிஷனைச் சேர்ந்த சார்ல்ஸ் மீடின் மனைவியும், அடுத்த ஆண்டு வந்த மார்த்தா மால்ட்டும் பெண்பிள்ளைகளுக்கு எழுத்தோடு ஊசி வேலையும் கற்பித்தனர். குட்டைக் கை வைத்த தளர்வான ஒரு மேற்சட்டை மீட் அம்மையார் வகுத்தது என்று மிஷன் வரலாறுகள் கூறுகின்றன. அவர்கள் முன் இருந்த நிபந்தனைகளை எண்ணிப் பார்த்தால் எந்த வகுப்பறைப் பயிற்சியும் அவ்வளவு கடினமாயிராது. ஆணைக்குள் அடங்க வேண்டும். மேல்முண்டு போல் தோன்றக்கூடாது. ஐரோப்பிய உடையாகவும் தெரியக்கூடாது. பனையடிவாரத்திலும் வயலிலும் உழைக்கும் உடலுக்கு இடைஞ்சல் தரக்கூடாது. ஊசி பிடிக்க இப்போதுதான் பழகிய விரல்கள் அதைத் தைத்து முடிக்க வேண்டும். அளவு பார்க்கப் பொம்மையுரு இல்லை. அணிந்து சந்தைக்குப் போய், திரும்பி வருவதுதான் சோதனை. சிலர் அது கிழிக்கப்பட்டுத் திரும்பினர்.

அதே பள்ளியில் மார்த்தா மால்ட் லேஸ் பின்னவும் கற்பித்தார். திண்டின்மேல் மாதிரித்தாளைப் பொருத்தி, கண்ணிக்குக் கண்ணி குண்டூசி குத்தி, நூல் சுற்றிய சிறு கட்டைகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பின்னும் வேலை அது. நாகர்கோவில் லேஸ் ஐரோப்பியரிடம் விலைபோனது. அடிமைப் பெற்றோருக்குப் பிறந்த சில பெண்கள் லேஸ் வருவாயால் தம் விடுதலையை விலைகொடுத்து வாங்கினர். திருவிதாங்கூரில் அடிமைமுறை ஒழிந்தது 1855இல்தான். மால்ட் தம்பதியின் மகள் எலைசா 1844இல் ராபர்ட் கால்டுவெல்லை மணந்து இடையன்குடிக்கு லேஸைக் கொண்டுசென்றார். திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் 1856இல் வெளிவந்தபோது அதே வளாகத்தில் பெண்கள் நூற்கட்டைகளை உருட்டிக்கொண்டிருந்தார்கள் என்பதை மொழியியல் மாணவர்கள் அதிகம் எண்ணிப் பார்ப்பதில்லை. பள்ளியின் நுண்மையான கைத்திறன் முழுதும் இப்படிக் கப்பலேறியது. ஊர்ப் பெண்களின் உடம்பில் நின்றது, எவ்வித நுண்மையும் இல்லாத அந்தத் தளர்ந்த சட்டை.

அந்தச் சட்டை பரவிய வழியும் நேர்க்கோடன்று. பிற்காலத்தில் திருவிதாங்கூர்-கொச்சி முதலமைச்சரான சி. கேசவன் தம் தன்வரலாறான 'ஜீவித சமர'த்தில் மாமியார் கூறிய நிகழ்ச்சி ஒன்றைப் பதிவு செய்திருக்கிறார். ஈழவர் குடும்பம். நாத்தனார் திருவனந்தபுரத்திலிருந்து இரண்டு ரவுக்கை கொண்டுவருகிறாள். இளம் மனைவி ஒன்றை அணிந்து பார்க்கிறாள். அழகாக இருக்கிறது, உடம்பு கூசுகிறது. ஆசையோடு தாயிடம் காட்டினால், இதைப் போட்டுக்கொண்டு எங்கே திரியப் போகிறாய் என்று அதட்டல். இரவில் கணவனுக்குக் காட்டுகிறாள்; அவருக்குப் பிடித்திருக்கிறது. காலையில் அதே ரவுக்கையுடன் வெளியே வர, தாய் தென்னை மட்டையை முறித்துக்கொண்டு பின்னால் நிற்கிறாள். முசுலிம் பெண்களைப் போல் சட்டை போட்டு நடக்கப் போகிறாயா என்பது அவள் கேள்வி. 1814இன் ஆணை எந்த ஒப்புமையைக் காட்டிக் குப்பாயத்தை அனுமதித்ததோ, அதே ஒப்புமையைக் காட்டி இங்கே ஒரு தாய் அதைத் தடுக்கிறாள். ஆணை அடங்கிப் போன பின்னும் அதன் இலக்கணம் வீட்டுக்குள் உயிரோடிருந்தது.

ஆண்களின் உடையும் இதற்கு விலக்கன்று. வைகுண்ட சுவாமி தம்மைப் பின்பற்றியோரைத் தலைப்பாகையுடன் வழிபடச் சொன்னார். அய்யன்காளி 1893இல் வேட்டி, மேற்சட்டை, தலைப்பாகையுடன் வில்வண்டியில் பொதுவழியில் சென்றார். அவர் தொடங்கிவைத்த வழிநடைப் போராட்டத்தில் மோதல் நிகழ்ந்தது பாலராமபுரத்துச் சாலியர் தெருவில். ஒலி ஒப்புமையால் அதைச் சாலைத் தெருவோடு மயங்கக்கூடாது. கொல்லம் அருகே பெரிநாட்டில் 1915இல் புலையர் பெண்கள் கல்மாலைகளை அறுத்தெறிந்து ரவுக்கை அணிந்தபோதும் கேள்வி அதுவே.

இதற்கு இணையாக வங்கத்தில் 1860களில் நடந்ததையும் வைத்துப் பார்க்கலாம். பம்பாயில் வாழ்ந்த ஞானதானந்தினி தேவி பார்சிப் பெண்கள் சேலை உடுத்தும் முறையைக் கண்டு, சட்டையும் உட்பாவாடையும் சேர்த்து ஒரு புதிய உடையை அமைத்தார். தாகூர் வீட்டு மருமகளின் சோதனை 'பிரம்மிகா சேலை' என்று பெயர்பெற்றது. ஆடை வரலாற்று நூல்களில் அவருக்கு இடமுண்டு, அது தகுந்ததே. நாகர்கோவில் தையல் வகுப்புப் பெண்களோ ஆடை வரலாற்றில் இல்லை. சமூகக் கலவர வரலாற்றில் 'பெண்கள்' என்ற பன்மையாக மட்டும் இருக்கிறார்கள். சோதனை ஆடை என்றவுடன் இன்றைய மாணவிக்கு நினைவுக்கு வருவன ரெய் கவாகுபோவும் யோஜி யமமோட்டோவும் 1981இல் பாரிஸில் காட்டியவை, அல்லது ஒரே துணித்துண்டிலிருந்து உடையை எழுப்பிய இஸ்ஸே மியாகேயின் சிந்தனை. அவள் இவற்றையெல்லாம் படிக்கத்தான் வேண்டும். எழுபது கிலோமீட்டருக்குள் இருக்கும் இன்னொரு சோதனையைப் படிக்க அவளுக்கு வாய்ப்புக் குறைந்துகொண்டே வருகிறது. 1956இல் மொழிவழி எல்லை வகுக்கப்பட்டபோது தென்திருவிதாங்கூர் தமிழ்நாட்டுக்கு வந்தது. அன்றுமுதல் இந்த வரலாற்றின் ஒரு பாதி திருவனந்தபுரத்தில் மலையாளத்திலும், மறுபாதி நாகர்கோவிலில் தமிழிலும் எழுதப்படுகிறது. ஒன்பதாம் வகுப்பு வரலாற்றுப் பாடநூலில் இதைக் கூறிய பகுதியை, 2017ஆம் ஆண்டுத் தேர்வுக்கு வேண்டாம் என்று மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் 2016இல் ஒதுக்கியது. ஆடையின் சமூக வரலாறு பற்றிய அந்த இயலையே 2019இல் என்.சி.இ.ஆர்.டி. நீக்கிவிட்டது.

கோராத் துணியை வாங்கிக்கொண்டு அவள் சாலையிலிருந்து மேற்கே நடந்தால் சில நிமிடங்களில் கிழக்கேகோட்டை. உள்ளே பத்மநாபசுவாமி கோயில். ஆண்கள் அங்கே சட்டையைக் கழற்றிவிட்டு முண்டோடு நுழைகிறார்கள். 2016 நவம்பரில் கோயில் நிர்வாக அதிகாரி சுடிதாருக்கு அனுமதி அளித்தார். டிசம்பரில் கேரள உயர்நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. ஆகவே சுடிதார் அணிந்து வரும் பெண்கள், தைத்த உடையைக் களையாமலே, அதன்மேல் இடுப்பைச் சுற்றி ஒரு முண்டை உடுத்திக்கொண்டு உள்ளே போகிறார்கள்.