படைவீரர்களின் பணிசார் நோய்களும் ஊன ஓய்வூதியமும்

இந்திய ஆயுதப்படைகளில் பணியாற்றும்போது ஏற்பட்ட காயத்தாலோ நோயாலோ உடல்திறன் குறைந்த வீரருக்கு வழங்கப்படுவது ஊன ஓய்வூதியம். முன்னாள் படைவீரர்கள் இதை 'டிசபிலிட்டி பென்ஷன்' என்றே சொல்வார்கள். போரில் குண்டடி பட்டுக் காலை இழந்தவருக்கு இதைப் பெறுவதில் பெரும்பாலும் சிக்கல் இருப்பதில்லை. காது மந்தம், இரத்தக் கொதிப்பு, வலிப்பு, முதுகுவலி, மனநோய் என்று வருபவருக்குத்தான் வழக்கு. அந்த நோய் பட்டாளத்தால் வந்ததா, தானாக வந்ததா? அதை நிரூபிக்க வேண்டியவர் யார்? ஊன ஓய்வூதியத்தின் வரலாறு பெருமளவு இந்த இரண்டாவது கேள்வியின் வரலாறுதான்.

ஓசூர், கிருஷ்ணகிரிப் பகுதியில் இக்கேள்விக்குத் தனி முக்கியத்துவம் உண்டு. 1780-இல் தோன்றிய மெட்ராஸ் சேப்பர்ஸ் எனப்படும் பொறியாளர் படைப்பிரிவின் மையம், ஓசூரிலிருந்து சுமார் 40 கி.மீ. தொலைவில், பெங்களூர் அல்சூர் ஏரியை ஒட்டி உள்ளது. இப்பிரிவினருக்குத் 'தம்பிகள்' என்ற செல்லப்பெயரும் உண்டு. மறுபுறம், 1970-களில் தொடங்கி ஓசூரில் சிப்காட் தொழிற்பேட்டை வளர்ந்தது. சிப்பாயாகச் சேர்ந்தவர் நாற்பது வயதை ஒட்டியே ஓய்வு பெற்றுவிடுவார். பிள்ளைகள் பள்ளியில் படித்துக்கொண்டிருக்கும் வயது அது. எனவே காவலாளியாகவோ ஓட்டுநராகவோ இயந்திரப் பணியாளராகவோ இரண்டாம் வேலைக்குப் போகிறார். உடல் ஒன்று, முதலாளி இருவர். நோய் வெளிப்படும்போது அது யார் கணக்கு?

மலையும் பனியும்

படைப்பணியால் நோய் வரும் என்பதற்கு மிகத் தெளிவான சான்று உயர்மலைப் பகுதி. 1962 சீனப் போரின்போதும் அதன் பின்னரும் சமவெளி வீரர்கள் போதிய பழக்கமின்றி இமயத்தின் உயரங்களுக்கு அனுப்பப்பட்டனர். பலருக்கு நுரையீரலில் நீர் கோத்தது. முதலில் இது நிமோனியா என்றே கருதப்பட்டது. லே நகரில் பணியாற்றிய இராணுவ மருத்துவர் மேனன் 1965-இல் இந்நோய் பற்றி அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் எழுதினார். 1969-இல் இந்தர் சிங் குழுவினர் 1,925 இந்திய வீரர்களிடம் கண்ட மலைநோயை விவரித்தனர். உலக மருத்துவ நூல்கள் இன்றும் எடுத்துக்காட்டும் ஆய்வு அது. அந்த அறிவுக்கு விலை கொடுத்தவை நம் சிப்பாய்களின் நுரையீரல்கள் என்பதைப் பாடநூல்கள் சொல்வதில்லை.

1984 ஏப்ரல் 13 அன்று சியாச்சின் பனியாற்றில் இந்தியப் படை நிலைகொண்டது. அதன் பிறகு பனிக்கடியால் விரல் இழப்பது, மூளை வீக்கம், இரத்தம் உறைதல் ஆகியவையும் தொடர்ந்து காணப்படும் பணிசார் பாதிப்புகளாயின.

காது, இதயம், மனம்

பீரங்கி, டாங்கி, வெடிமருந்து, கப்பலின் இயந்திர அறை ஆகியவற்றின் அருகே பணியாற்றியவர்களுக்குச் செவித்திறன் குறைகிறது. காதில் ஓயாத இரைச்சல் கேட்கிறது. அமெரிக்காவில் முன்னாள் வீரர்கள் மிகுதியாக இழப்பீடு பெறும் பாதிப்பும் இந்தக் காது இரைச்சல்தான். முழங்கால், முதுகுத் தேய்மானமும் எல்லா நாட்டுப் படைகளிலும் பொது. மனப் பாதிப்புக்குப் பெயர் கிடைத்ததே தாமதம். முதல் உலகப் போரில், 1915-இல்தான் சார்லஸ் மையர்ஸ் என்ற ஆங்கில மருத்துவர் 'குண்டதிர்ச்சி' என்னும் சொல்லை மருத்துவ இதழில் பயன்படுத்தினார்.

இந்தியாவில் பெரிய சர்ச்சை இரத்தக் கொதிப்பு, நீரிழிவு, இதய நோய் பற்றியது. இவை வாழ்க்கைமுறை நோய்கள் என்கிறது ஒரு தரப்பு. தணிக்கைத் துறையும் இதைச் சுட்டியுள்ளது. குடும்பத்தைப் பிரிந்த வாழ்வு, தூக்கமின்மை, ஓயாத எச்சரிக்கை நிலை ஆகியவை கொதிப்பை ஏற்றாதா என்கிறது மறுதரப்பு. மாரடைப்பு என்றால், அதற்கு முந்தைய 14 நாள்களில் வீரர் என்ன பணி செய்தார் என்று பார்க்கும் வழக்கம் மருத்துவ அதிகாரிகளுக்கான வழிகாட்டி நூலில் இருந்தது. பல ஆண்டுகளாகச் சேர்ந்த அழுத்தத்தை 14 நாள்களில் தேடுவது எவ்வளவு பொருத்தம் என்பதை வாசகர்களே எண்ணிப் பார்க்கலாம்.

நிரூபிக்க வேண்டியவர் யார்?

1961 ஓய்வூதிய விதிகளின்படி, நோய் பணியால் விளைந்திருக்க வேண்டும் அல்லது பணியால் தீவிரமடைந்திருக்க வேண்டும். ஊனம் 20 விழுக்காட்டுக்குக் குறையக் கூடாது. 1982-இல் வந்த தகுதி விதிகள் வீரருக்குச் சாதகமானவை. படையில் சேரும்போது ஒரு நோய் பதிவாகவில்லை என்றால், அவர் நல்ல உடல்நலத்துடன் சேர்ந்தார் என்றே கொள்ள வேண்டும். நிரூபிக்கும் பொறுப்பு அவருடையதல்ல. ஐயம் எழுந்தால் அதன் பலனும் அவருக்கே.

நடைமுறை வேறாக இருந்தது. 'பணியால் விளையவுமில்லை, தீவிரமடையவுமில்லை' என்ற ஒரு வரியை மருத்துவ வாரியங்கள் காரணம் எழுதாமலே பதிந்தன. ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து இதை 'நானா' என்பார்கள். இன்னொரு தடை அலகாபாத்தில் இருந்தது. மருத்துவ வாரியம் ஏற்றதைக்கூட அங்கிருந்த ஓய்வூதியக் கணக்கு அலுவலகம், வீரரைப் பார்க்காமலே மாற்றிவந்தது. மொஹிந்தர் சிங் என்ற முன்னாள் சேப்பரின் வழக்கில் 1993-இல் உச்ச நீதிமன்றம் இதை ஏற்க மறுத்தது.

திருப்புமுனை தரம்வீர் சிங் வழக்கு. 1985-இல் சிக்னல்ஸ் பிரிவில் சேர்ந்த அவர், வலிப்பு நோயால் 1994-இல் 20 விழுக்காடு ஊனத்துடன் வெளியேற்றப்பட்டார். நோய்க்கும் பணிக்கும் தொடர்பில்லை என்றது வாரியம். 2013 ஜூலை 2 அன்று உச்ச நீதிமன்றம் அவருக்கு ஓய்வூதியம் உண்டு என்று தீர்ப்பளித்தது. சேரும்போது குறிக்கப்படாத நோய் பணியில் வந்ததாகவே கருதப்படும், மறுப்பதானால் வாரியம் காரணம் எழுத வேண்டும் என்பது தீர்ப்பின் சாரம். போர்முனையில் இருந்தாரா, அமைதிப் பகுதியில் இருந்தாரா என்பதும் முக்கியமல்ல. 2014 டிசம்பரில் ராம் அவதார் வழக்கில் மற்றொரு பலன் கிடைத்தது. ஊன விழுக்காட்டை 50, 75, 100 என உயர்த்திக் கணக்கிடும் சலுகை, பணிக்காலம் முடிந்து ஓய்வு பெற்றவர்களுக்கும் உண்டு என்றானது. 30 விழுக்காடு ஊனமுள்ளவர் 50 விழுக்காட்டுக்குரிய தொகையைப் பெறுவார்.

ஆயினும் அரசு மேல்முறையீடு செய்வது நிற்கவில்லை. பாதுகாப்பு அமைச்சர் மனோகர் பாரிக்கர் 2015-இல் அமைத்த வல்லுநர் குழு, இத்தகைய மேல்முறையீடுகளைக் கைவிடுமாறு பரிந்துரைத்தது. 2023 செப்டம்பர் 21 முதல் புதிய தகுதி விதிகள் நடைமுறைக்கு வந்தன. முன்னாள் வீரர் அமைப்புகள் அவற்றைக் கடுமையாக எதிர்த்தன.

எல்லைப்புறத்தில்

ஓசூர்த் தொழிலாளிக்கு முக்கியமானது 2008 தகுதி விதிகளில் உள்ள ஓர் அம்சம். வெளியேறி 15 ஆண்டுகள் கடந்தபின் கோரிக்கை வைத்தால், நிரூபிக்கும் பொறுப்பு கோருபவர் மேல் விழும். பீரங்கிப் பிரிவில் இருந்தவர் ஆலையில் அச்சுப்பொறி அருகே 15 ஆண்டுகள் உழைத்த பிறகு காது கேட்கவில்லை என்றால் என்ன ஆகும்? ஆலை இரைச்சலே காரணம் எனப் பட்டாளம் சொல்லலாம். பீரங்கியே காரணம் என ஆலை சொல்லலாம். இரைச்சலால் வரும் செவித்திறன் இழப்பு தொழிற்சாலைகள் சட்டத்திலும், தொழிலாளர் அரசுக் காப்பீட்டுச் சட்டத்திலும் தொழில்நோயாக இடம்பெற்றிருந்தது. இரண்டு வழிகள் திறந்திருந்தும் இரண்டுக்கும் நடுவே ஒருவர் நின்றுவிடக்கூடும்.

அதைத் தீர்ப்பவை தாள்கள்: படையில் சேர்ந்தபோது எடுத்த மருத்துவப் பதிவு, பணிவிடுப்பு மருத்துவ வாரிய அறிக்கை, இராணுவ மருத்துவமனைச் சீட்டுகள், ஆலையில் சேர்ந்த நாளில் எடுத்த செவிச் சோதனை முடிவு. கடைசித் தாளைப் பலர் வாங்கி வைப்பதே இல்லை. சேர்ந்த அன்றே காது மந்தம் என்று அதில் இருந்தால், அது ஆலைக்கு முந்தைய பாதிப்பு என்பது தெளிவு.

வழக்கு என்று வந்தால் செல்லவேண்டிய இடம், 2007 சட்டத்தின்படி 2009 முதல் இயங்கிவரும் ஆயுதப்படைத் தீர்ப்பாயம். ஓய்வு பெற்றவர் தாம் வசிக்கும் பகுதிக்குரிய அமர்வில் மனு செய்யலாம். ஓசூரில் வீடு என்றால் சென்னை அமர்வு. சில கி.மீ. தள்ளி, கர்நாடக எல்லைக்குள் அத்திப்பள்ளியில் வீடு என்றால் கொச்சி அமர்வு.