குடத்தில் போடக் கூடாத ஓலைகள்

பன்னிரண்டாம் வகுப்பு ரிசல்ட் வந்த மறுநாளிலிருந்து எனக்கு ஊரிலிருந்து போன் வர ஆரம்பிக்கும். சித்தப்பா, பெரியம்மா, பள்ளியில் கூடப் படித்தவனின் அண்ணன் என்று யார் யாரோ பேசுவார்கள். கேள்வி ஒன்றுதான். "தம்பி, நீ கம்ப்யூட்டர் வேலையிலதானே இருக்க, எந்தக் கம்பெனி லேப்டாப்பு நல்லா உழைக்கும்?"

எங்களுக்கு உத்திரமேரூர் பக்கம். இங்கே நாற்பதாயிரம், ஐம்பதாயிரம் ரூபாய் லேப்டாப் என்பது பெரும்பாலும் நகையை அடகு வைத்து வாங்கும் பொருள். அடகு வைக்கப் போனால் மதிப்பீட்டாளர் நகையை உரைகல்லில் உரசிப் பார்த்துவிட்டுத்தான் பணம் தருவார். அந்தப் பணத்தில் வாங்கும் லேப்டாப்பை உரசிப் பார்க்க ஒரு கல் கிடையாது. அதனால்தான் எல்லாரும் கம்பெனி பெயரைக் கேட்கிறார்கள். பெயரைத்தான் உரைகல்லாக நினைத்துக்கொள்கிறோம்.

நம்பிக்கையானதை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று இதே ஊரில் 1,100 வருஷத்துக்கு முன்னால் உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள். உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் இருக்கும் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகளைப் பாடப் புத்தகத்தில் எல்லாரும் படித்திருப்போம். குடவோலை முறை. ஊரை 30 குடும்புகளாகப் பிரித்து, தகுதியானவர்களின் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டு, ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொல்வார்கள். சம்வத்சர வாரியம், தோட்ட வாரியம், ஏரி வாரியம், பொன் வாரியம் எல்லாவற்றுக்கும் ஆட்கள் இப்படித்தான் வந்தார்கள்.

பாடப் புத்தகம் குடத்தையும் சிறுவனையும் சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடும். கல்வெட்டோ குலுக்கலைவிட, குடத்துக்குள் யார் பெயர் போகக் கூடாது என்பதில்தான் அதிகம் மெனக்கெடுகிறது. வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவன் பெயரைப் போடக் கூடாது. அவன் பெயரை மட்டுமில்லை, அவனுடைய சிற்றன்னை மக்கள், அத்தை மக்கள், மாமனார், மருமகன் என்று ஒரு நீண்ட உறவுப் பட்டியலையே விலக்கி வைக்கிறது. கடந்த மூன்று வருஷத்துக்குள் வாரியத்தில் இருந்தவர்களுக்கும் இடமில்லை. இப்படிக் கழித்துக்கட்டிய பிறகு குடத்தில் எந்த ஓலை கைக்கு வந்தாலும் சரிதான் என்று விட்டுவிடுகிறார்கள்.

919-இல் ஒரு தீர்மானம் போடுகிறார்கள். 921-இல் அதைத் திருத்துகிறார்கள். முதல் விதியில் வயது 30-லிருந்து 60, இரண்டாவதில் 35-லிருந்து 70. என்னைப் போன்ற சாஃப்ட்வேர் ஆளுக்கு இதைப் பார்த்தால் சிரிப்பு வரும். முதல் வெர்ஷனை ரிலீஸ் செய்து, ஓடவிட்டு, இரண்டு வருஷத்தில் குறை கண்டுபிடித்து அடுத்த வெர்ஷன் விட்டிருக்கிறார்கள். இதை ஜனநாயகத்தின் பொற்காலம் என்று கொண்டாட எனக்கு விருப்பமில்லை. அது ஒரு பிராமணச் சதுர்வேதிமங்கலத்தின் சபை. நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வேதம் தெரிந்திருக்க வேண்டும். பெண்களுக்கோ உழுதவர்களுக்கோ அங்கே ஓலை கிடையாது. ஆனாலும் அவர்களுடைய முறை உருப்படியானது. யார் சிறந்தவர் என்று தேடுவதற்கு முன்னால், யார் பதில் சொல்லாமல் போனார் என்று பார்த்தார்கள்.

லேப்டாப் வாங்குகிறவர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறோம். சிறந்தது எது என்று பத்து வீடியோ பார்க்கிறோம். கெட்டுப்போனால் பதில் சொல்வது யார் என்பதை பில் போட்ட பிறகு தேடுகிறோம்.

பிராண்டை நம்பினால் என்ன என்று கேட்கலாம். கொஞ்சம் பின்னால் திரும்பிப் பாருங்கள். காம்பேக் 2002-இல் எச்பிக்குள் போனது. ஐபிஎம்மின் பர்சனல் கம்ப்யூட்டர் தொழில் 2005-இல் லெனோவோ கைக்கு வந்தது. ஒரு காலத்தில் இந்திய வீடுகளிலும் அலுவலகங்களிலும் நிறைந்திருந்த எச்சிஎல், 2013-இல் கம்ப்யூட்டர் தயாரிப்பதை நிறுத்துவதாக அறிவித்தது. சோனி தன் வயோவை 2014-இல் விற்றது. தோஷிபா 2018-இல் தன் லேப்டாப் தொழிலை ஷார்ப்பிடம் கொடுத்தது. இவற்றில் பல, அந்தந்தக் காலத்தில் "கண்ணை மூடிட்டு வாங்கலாம்" என்று சொல்லப்பட்ட பெயர்கள்.

இன்னும் பக்கத்தில் பார்க்க வேண்டுமானால் ஸ்ரீபெரும்புதூருக்கு வாருங்கள். அங்கே நோக்கியா 2006-இல் உற்பத்தியைத் தொடங்கியது. எங்கள் பக்கத்துக் கிராமங்களில் விடியற்காலையில் கம்பெனி பஸ்ஸுக்குக் காத்திருந்த அக்காக்களை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. 2014 நவம்பர் 1-ஆம் தேதி ஆலை மூடப்பட்டது. உலகத்துக்கே போன் செய்துகொடுத்த பெயர், எட்டு வருஷத்தில் ஊரைவிட்டுப் போனது. அதே ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் 2007-இலிருந்து டெல் கம்ப்யூட்டர் ஆலை இருக்கிறது. ஆனால் தொழிற்சாலை மாவட்டத்துக்குள் இருப்பதால் ரிப்பேர்காரர் வீட்டுக்கு வந்துவிட மாட்டார். பொருள் செய்யும் இடமும் பதில் சொல்லும் இடமும் வேறு வேறு.

பெயருக்கு நம் சட்டம் என்ன மதிப்பு கொடுக்கிறது என்று தேடிப் போனபோது எனக்கு ஓர் ஆச்சரியம் கிடைத்தது. 1930-ஆம் வருஷத்துச் சரக்கு விற்பனைச் சட்டம், பிரிவு 16. அடிப்படையில் அது வாங்குகிறவனே விழித்துக்கொள் என்கிற பழைய ஆங்கிலேயக் கொள்கை. அதற்குச் சில விலக்குகள் உண்டு. எனக்கு இன்ன வேலைக்கு வேண்டும் என்று சொல்லி, விற்பவரின் அனுபவத்தை நம்பி வாங்கினால், பொருள் அந்த வேலைக்குத் தகுந்ததாக இருக்க வேண்டும். ஆனால் அதற்கு ஒரு வாலும் இருக்கிறது. குறிப்பிட்ட பொருளை அதன் வணிகப் பெயரைச் சொல்லி வாங்கினால், குறிப்பிட்ட வேலைக்குத் தகுந்தது என்ற அந்த மறைமுகப் பொறுப்பு விற்பவருக்கு இல்லை. அதாவது பிராண்டைச் சொல்லிக் கேட்பது நம்மைக் காப்பாற்றும் என்று நாம் நினைக்க, சட்டம் அங்கேதான் கடைக்காரரை விடுவிக்கிறது.

இங்கிலாந்தில் இதே விதியை வைத்து 1925-இல் ஒரு வழக்கு தீர்ந்தது. ஒருவர் கார் கடையில் போய், சுற்றுப்பயணம் போக வசதியான கார் வேண்டும் என்றார். கடைக்காரர் புகாட்டியைப் பரிந்துரைத்தார். வாங்கிய கார் அந்த வேலைக்கு லாயக்கில்லை. பெயர் சொல்லி வாங்கினாயே என்று கடைக்காரர் வாதாடினார். நீதிமன்றம் ஒப்புக்கொள்ளவில்லை. அவர் தேவையைச் சொல்லி உன்னை நம்பித்தானே வாங்கினார் என்றது. ஆகவே கடையில் போய் மாடல் பெயரை ஒப்பிக்காதீர்கள். "பொண்ணு இன்ஜினியரிங் சேர்றா, நாலு வருஷம் ஓடணும், இந்த இந்த சாஃப்ட்வேர் போடணும்" என்று சொல்லுங்கள். முடிந்தால் வாட்ஸ்அப்பில் எழுத்தாகவே கேளுங்கள்.

அதே சட்டத்தின் பிரிவு 12 இன்னொன்றும் சொல்கிறது. வாரண்டி மீறப்பட்டால் நஷ்ட ஈடு கேட்கலாம், பொருளைத் திருப்பிக் கொடுக்கும் உரிமை மட்டும் அதனால் வந்துவிடாது. "வாரண்டி இருக்கு, புதுசு குடுத்துடுவாங்க" என்பது நாமாகச் சேர்த்துக்கொண்ட கற்பனை. பெரும்பாலான வாரண்டிக் காகிதங்கள் தருவது பழுது பார்ப்பதை மட்டும்தான். எத்தனை நாளில் என்பது பல காகிதங்களில் இருக்காது.

அந்த நாள் கணக்கு எவ்வளவு முக்கியம் என்பதை என் சித்தி மகள் விஷயத்தில் பார்த்தேன். மூன்றாம் வருஷம், ப்ராஜெக்ட் ரிவ்யூவுக்கு மூன்று வாரம் இருக்கும்போது லேப்டாப் திரை இருண்டுபோனது. வாரண்டி இருந்தது, வீட்டுக்கே வந்து பார்க்கும் வாரண்டிதான். போன் செய்தால், உங்கள் பின்கோடுக்கு அந்தச் சேவை இல்லை, சென்டருக்குக் கொண்டு வாருங்கள் என்றார்கள். கம்பெனி பெயர் இங்கே வேண்டாம். சித்தப்பா ஒருநாள் கூலியை விட்டுவிட்டு பஸ் ஏறினார். கொடுக்க ஒருமுறை, பார்ட்ஸ் வரவில்லை என்று திரும்பி வர ஒருமுறை, வாங்க ஒருமுறை. பத்தொன்பது நாள் ஆனது. ரிப்பேருக்கு ஒரு ரூபாய்கூட வாங்கவில்லை. காகிதப்படி வாரண்டி சரியாக வேலை செய்தது. அவள் தோழியின் லேப்டாப்பை ராத்திரியில் இரவல் வாங்கி ப்ராஜெக்டை முடித்தாள்.

இந்த இடத்தில் எனக்கு சோழர் காலத்து ஆடுகள் ஞாபகம் வரும். கோயிலில் நுந்தா விளக்கு எரிய ஆடு தானம் செய்வார்கள். பல கல்வெட்டுகளில் ஒரு விளக்குக்கு 90 ஆடு, தஞ்சைப் பெரிய கோயிலில் 96. ஆடுகளைப் பெற்றுக்கொண்ட இடையர் தினமும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். இந்த ஆடுகளுக்குக் கல்வெட்டுகள் தரும் பெயர் சாவா மூவாப் பேராடு. சாகாத, கிழடாகாத ஆடு! ஆடு சாகும் என்பது அவர்களுக்குத் தெரியாதா? குட்டிகளைக் கொண்டு எண்ணிக்கையை நிரப்பிக்கொள்வது வாங்கியவரின் பொறுப்பு. ஆடு செத்தது, நோய் வந்தது என்ற கதையெல்லாம் கோயிலுக்குத் தேவையில்லை. விளக்கு அணையக் கூடாது, அவ்வளவுதான்.

இன்றைய வாரண்டி ஆட்டைப் பற்றியே பேசுகிறது. மதர்போர்டு ஒரு வருஷம், பேட்டரி ஒரு வருஷம், தண்ணீர் பட்டால் கிடையாது, கீழே விழுந்தால் கிடையாது. விளக்கு எத்தனை நாள் அணைந்திருக்கலாம் என்பதைப் பற்றிப் பேச்சில்லை. சித்தி மகளுக்கு ஆடு திரும்பி வந்தது. விளக்கு பத்தொன்பது நாள் அணைந்திருந்தது.

தமிழில் வாரண்டிக்கு உத்தரவாதம் என்கிறோம். உத்தரம் என்றால் பதில். பதில் சொல்லக் கடமைப்பட்டிருப்பதுதான் அந்தச் சொல்லின் அடிப்படை. சட்டமும் அந்தத் திசையில் கொஞ்சம் நகர்ந்திருக்கிறது. 1986 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் காலத்தில், எங்கோ இருக்கும் கம்பெனியிடம் வாங்கினால் எந்த ஊரில் வழக்குப் போடுவது என்பதே தனி வழக்காகிவிடும். 2019 சட்டம் 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தபோது, வாங்கியவர் வசிக்கும் இடத்திலேயே புகார் கொடுக்கலாம் என்றானது. ஐந்து லட்சம் ரூபாய் வரையான பொருளுக்குக் கட்டணமும் இல்லை. உத்திரமேரூர்க்காரர் பெங்களூருக்கு அலைய வேண்டாம், பெங்களூர் இங்கே வந்து பதில் சொல்ல வேண்டும். அதற்கு முன்னால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணுக்கு ஒரு போன் போட்டாலே சில நேரம் காரியம் நடக்கும்.

ஆனால் வழக்கில் ஜெயிப்பதற்குள் செமஸ்டர் முடிந்துவிடும். அதனால் வாங்கும் முன்பே குடவோலை முறையில் கழிக்கத் தொடங்குவது நல்லது. ஊரிலிருந்து கேட்பவர்களுக்கு நான் இப்போது கம்பெனி பெயர் சொல்வதில்லை, குடத்தில் போடக் கூடாதவற்றைச் சொல்கிறேன்.

உங்கள் பின்கோடுக்கு வீட்டுக்கே வரும் சேவை உண்டா என்று கம்பெனி எண்ணுக்கே போன் செய்து கேளுங்கள். 603406 என்று சொன்னதும் இழுத்தால் அந்த ஓலையைக் கிழித்துப் போடுங்கள். செங்கல்பட்டும் காஞ்சிபுரமும் இங்கிருந்து சுமார் முப்பது கிலோமீட்டர். அந்த இரண்டில் ஓர் ஊரிலாவது அங்கீகாரம் பெற்ற சென்டர் இல்லை என்றால் அதுவும் வேண்டாம். மெமரியும் ஸ்டோரேஜும் மாற்ற முடியாதபடி போர்டிலேயே பற்றவைத்த மாடல் நாலு வருஷப் படிப்புக்குச் சரிவராது. அதே கம்பெனியில் அலுவலகங்களுக்கென்று விற்கும் வரிசை இருக்கும். கொஞ்சம் கனம், பளபளப்பு குறைவு. ஆனால் மூன்று வருஷ வாரண்டி எடுக்க முடியும், பார்ட்ஸ் சுலபமாகக் கிடைக்கும். பட்ஜெட் உதைத்தால் பிராசஸரில் ஒரு படி இறங்கி, மிச்சப் பணத்தை வாரண்டி நீட்டிப்பில் போடுங்கள். பெட்டியைப் பிரித்த அன்றே சீரியல் நம்பரைக் கம்பெனி இணையதளத்தில் போட்டு, வாரண்டி பில் தேதியிலிருந்து ஓடுகிறதா, கிடங்கை விட்டு வந்த தேதியிலிருந்தா என்று பாருங்கள். தவறாக இருந்தால் பில்லைக் காட்டித் திருத்தச் சொல்லலாம்.

கடைசியாகக் கணக்கு. ஏற்கனவே அந்தக் கம்பெனி லேப்டாப் வைத்திருக்கும் நாலு வீட்டில் கேளுங்கள். "நல்லா ஓடுதா?" என்று கேட்காதீர்கள். ஓடுகிற வரைக்கும் எல்லாம் நல்லாத்தான் ஓடும். "கெட்டப்போ எத்தனை நாள்ல சரி பண்ணிக் குடுத்தாங்க?" என்று கேளுங்கள்.

இவ்வளவையும் தாண்டிக் குடத்தில் இரண்டு மூன்று ஓலைகள் மிஞ்சும். அவற்றில் எது உசத்தி என்று ராத்திரி முழுக்க வீடியோ பார்க்க வேண்டியதில்லை. வீட்டில் இருக்கும் சின்னப் பையனைக் கூப்பிட்டு ஒன்றை எடுக்கச் சொல்லுங்கள்.