நெல்லின் வயதும் எழுத்தின் வயதும்: தமிழ்-பிராமி ஆய்வு கடந்து வந்த வழி

பழனிக்குத் தென்மேற்கே, மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் இருக்கிறது பொருந்தல். 2009இல் புதுச்சேரிப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கா. ராஜன் தலைமையில் அங்கே ஓர் ஈமக்குழியைத் திறந்தார்கள். உள்ளே நான்கு கால்கள் கொண்ட சாடி ஒன்று இருந்தது. அதில் ஏறத்தாழ இரண்டு கிலோ நெல். அதே குழியில் கிடைத்த பிரிமனை ஒன்றில், பிராமி வடிவத்தில் 'வயிர' என்று படிக்கத்தக்க மூன்று எழுத்துகள் கீறப்பட்டிருந்தன. அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்திலுள்ள பீட்டா அனலிட்டிக் ஆய்வகத்துக்கு அனுப்பிய நெல்லுக்குக் கி.மு. 490 என்ற காலம் வந்தது.

செய்தித்தாள்கள் இதைத் தமிழ் எழுத்தின் வயது என்றே எழுதின. ஆய்வகம் வயது சொன்னது நெல்லுக்கு. நெல்லின் வயது எழுத்துக்கும் பொருந்தும் என்று சொல்ல இன்னொருவர் வேண்டும்: குழி மூடிய பின் யாரும் அதைத் திறக்கவில்லை, சாடியும் பிரிமனையும் ஒரே சடங்கில் வைக்கப்பட்டவை என்று மண்ணைப் பார்த்துச் சொல்லும் அகழாய்வாளர். அந்தக் கீறல்கள் எழுத்துதான், இன்ன சொல்தான் என்று சொல்ல மூன்றாவதாக ஒருவர் வேண்டும். இயற்பியல், தொல்லியல், மொழியியல் என்ற மூன்று துறைகளும் ஒரு சாடியைச் சுற்றி நிற்கின்றன. மூன்றின் சான்றுக்கும் இயல்பு வேறு, வலு வேறு. இவை ஒன்றையொன்று எப்படித் தேடி வந்தன என்பதைப் பின்தொடர்ந்தால்தான், இன்றைய காலக்கணிப்புச் சர்ச்சையில் யார் எதைச் சொல்ல முடியும் என்பது தெளியும் என்று கருதுகிறேன்.

தொடக்கம் குகைகளில். ஜேம்ஸ் பிரின்செப் அசோகரின் பிராமி எழுத்தைப் படித்துக்காட்டியது 1837இல். 1882இல் ராபர்ட் சீவெல், மதுரைக்கு அருகே மாங்குளம் மலையில் சமணர் கற்படுக்கைகளின் மேல் அதே வகை எழுத்துகள் இருப்பதைக் கண்டார். எழுத்து தெரிந்த எழுத்துதான். ஆனால் படித்தால் பொருள் ஓடவில்லை. அதை எந்த மொழியாகக் கொள்வது என்பதே சிக்கலாக இருந்தது. பிராமியில் எழுதியது பிராகிருதமாகத்தான் இருக்க வேண்டும் என்ற எண்ணம் அன்றைய அறிஞர்களிடம் ஊறிப்போயிருந்தது. 1919இல் எச். கிருஷ்ண சாஸ்திரி இந்தக் குகைக் கல்வெட்டுகளைத் தொகுத்துப் படிக்க முயன்றபோதும் சொற்கள் முழுமையாகப் பிடிபடவில்லை.

திருப்பம் வந்தது 1924இல், சென்னையில் நடந்த கீழ்த்திசை மாநாட்டில். கே.வி. சுப்பிரமணிய ஐயர் அங்கே படித்த கட்டுரை இந்த மொழி தமிழ் என்று நிறுவியது. அவர் கையாண்ட வழி மிக எளியது, அதனாலேயே அழகானது. அவர் முதலில் கவனித்தது எந்த எழுத்துகள் அங்கே இல்லை என்பதை. வடமொழிக்கும் பிராகிருதத்துக்கும் இன்றியமையாத ஒலிப்புடை எழுத்துகளும் மூச்சொலி எழுத்துகளும் ஓரிரு கடன்சொற்களைத் தவிர வேறெங்கும் காணவில்லை. மறுபக்கம், அசோகரின் கல்வெட்டுகளுக்குப் பழக்கமில்லாத சில வடிவங்கள் திரும்பத் திரும்ப வந்தன. ழ, ள, ற, ன ஆகிய ஒலிகளை அவற்றுக்குப் பொருத்தியதும் தமிழ்ச் சொற்கள் தலைகாட்டின. ஒரு மொழியின் ஒலியமைப்பையே சான்றாக நிறுத்திய இந்த வாதம் நூறாண்டாகியும் நிலைத்து நிற்கிறது.

இருந்தும் ஒரு முடிச்சு அவிழாமல் இருந்தது. எல்லாச் சொற்களும் விநோதமாக நீண்டன. 'மகன்' என்று இருக்க வேண்டிய இடத்தில் 'மாகான' என்று எழுத்து நின்றது. எழுதியவர்களுக்குப் பிழையில்லாமல் எழுதத் தெரியவில்லை என்று சொல்லிவிடுவது எளிது. அப்படிச் சொல்ல மறுத்தவர்களால்தான் துறை வளர்ந்தது. வட இந்திய முறையில் தனி மெய்வடிவம் அகரத்தைத் தன்னுள் கொண்டது, 'க' என்றே ஒலிக்கும். அதன் மேல் ஒரு சிறு கோடு சேர்த்தால் 'கா'. தமிழ் ஒலிக்கு இந்த முறை இடைஞ்சல், ஏனெனில் தமிழ்ச் சொற்கள் மெய்யில் முடிகின்றன, இடையிலும் மெய்கள் தனித்து நிற்கின்றன. ஆகவே தொடக்ககாலத் தமிழர் விதியையே மாற்றிக்கொண்டார்கள். கோடில்லாத வடிவம் 'க்'. கோடு போட்டால் 'க' அல்லது 'கா', எது என்பதை இடம் பார்த்து உணர வேண்டும். இந்த விதியோடு படித்தால் 'மாகான' பிசகில்லாத 'மகன்' ஆகிறது. பின்னர் இன்னொரு முறை வந்தது, அதற்கும் பின்னால் மெய்யின் மேல் புள்ளி வைத்துக் குழப்பத்தையே ஒழித்தார்கள். தொல்காப்பியம் சொல்லும் புள்ளி அதுவே.

இந்த மூன்று நிலைகளையும் பிரித்து வரிசைப்படுத்தியவர் ஐராவதம் மகாதேவன். இந்திய ஆட்சிப் பணியில் இருந்துகொண்டே 1960களில் குகை குகையாக ஏறி இறங்கினார். அந்த வேலையின் தன்மையை ஒரு கணம் எண்ணிப் பார்க்க வேண்டும். பாறையைத் துலக்கிக் கழுவி, நனைத்த தாளை அதன்மேல் ஒட்டி, தூரிகையால் தட்டித் தட்டி எழுத்தின் பள்ளத்துக்குள் தாளை இறக்கி, மைப்பந்தால் ஒற்றி எடுப்பது மைப்படி. பள்ளம் வெள்ளையாக நிற்கும், மேடு கறுக்கும். ஆனால் பாறையின் இயற்கை வெடிப்பும் வெள்ளையாகத்தான் விழும். குகையின் புருவத்தில், சாய்ந்த பாறையில், இரண்டாயிரம் ஆண்டு மழை வழிந்த இடத்தில் எது உளிக்கோடு, எது வெடிப்பு என்பது அங்கே நின்று, வெயில் சாயும்போது நிழலோடு பார்த்தால்தான் தெரியும். மைப்படியை மட்டும் நம்பிப் படித்ததால் நேர்ந்த பிழைகள் இத்துறையில் ஏராளம். மகாதேவன் 1990களில் மறுபடியும் குகைகளுக்குப் போய்த் தம் பழைய பாடங்களைத் தாமே சோதித்தார். 2003இல் ஹார்வர்டு கீழ்த்திசை வரிசையில் சென்னை க்ரியாவோடு இணைந்து வெளியான அவருடைய ஆங்கிலப் பெருநூல் இந்த இரண்டு பயணங்களின் விளைவு.

அவர் படித்தவற்றில் வரலாற்றாசிரியர்களை அசைத்தது கரூர் அருகே புகலூர்க் கல்வெட்டு. அதில் சேர மன்னர் மூன்று தலைமுறையினர் வரிசையாக வருகிறார்கள்: கோ ஆதன் செல்லிரும்பொறை, அவன் மகன் பெருங்கடுங்கோ, அவன் மகன் இளங்கடுங்கோ. பதிற்றுப்பத்தின் பிற்பகுதி பாடும் இரும்பொறை மரபோடு இது பொருந்துவதை அவர் காட்டினார். மாங்குளத்தில் நெடுஞ்செழியன் பெயர் இருக்கிறது, வெள்ளறை ஊரின் வணிகக் குழுவான நிகமத்தாரும் இருக்கிறார்கள். 1981இல் திருக்கோவிலூர் அருகே ஜம்பையில் கிடைத்த கல்வெட்டு இன்னும் ஒருபடி மேலே போனது. அதியமான் நெடுமான் அஞ்சியை அது 'சதியபுதோ' என்று குறிக்கிறது. அசோகரின் இரண்டாம் பாறைக் கட்டளை சோழர், பாண்டியர், கேரளபுத்திரரோடு சேர்த்துச் சொல்லும் சத்தியபுத்திரர் யார் என்று பல தலைமுறை அறிஞர்கள் தேடிக்கொண்டிருந்தார்கள். தகடூர் அதியர் என்ற விடை ஒற்றைச் சொல்லில் கிடைத்தது. சங்கப் பாடல்களைக் கற்பனை என்று ஒதுக்கியவர்களுக்கு இலக்கியத்தைக் கல்லோடு வைத்துப் பார்க்கும் இந்த முறை சொன்ன பதிலைவிட உறுதியானதை நான் அறியேன்.

ஆனால் கல்வெட்டில் ஆண்டு இல்லை. எழுத்தின் வடிவத்தைக் கொண்டு முன்பின் சொல்லலாம், நூற்றாண்டு சொல்ல வெளியிலிருந்து ஓர் ஊன்றுகோல் வேண்டும். அந்தக் கோல் முதலில் வந்தது இத்தாலியிலிருந்து. 1944இல் இந்தியத் தொல்லியல் துறைத் தலைவராகப் பொறுப்பேற்ற மார்ட்டிமர் வீலர், சென்னை அருங்காட்சியக அலமாரி ஒன்றில் மத்தியதரைக் கடல் நாட்டு மதுச்சாடியின் கழுத்தைப் பார்த்தார். அது புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டில் எடுத்தது. மறு ஆண்டே அங்கே தோண்டினார். இத்தாலியின் அரெஸ்ஸோ நகரப் பெயர் கொண்ட சிவப்புப் பளபளப்பு மட்கலங்கள் அங்கே கிடைத்தன. அவை எந்த ஆண்டுகளில் செய்யப்பட்டன என்பதை ஐரோப்பிய அறிஞர்கள் ஏற்கெனவே நுணுக்கமாகக் கணித்திருந்தார்கள். ஆகவே அவற்றோடு ஒரே அடுக்கில் கிடந்த உள்ளூர்ப் பானைகளுக்கும், பானைகளில் கீறிய தமிழ் எழுத்துகளுக்கும் காலம் கிடைத்தது. ரோமானியக் குயவனின் முத்திரை தமிழ்ப் பானையோட்டுக்கு நாள் குறித்துக் கொடுத்தது என்பது வெறும் பேச்சுக்குச் சொல்வதில்லை.

அரிக்கமேட்டுக்குப் பின் ஆய்வின் பார்வை பாறையிலிருந்து பானையோட்டுக்குத் திரும்பியது. தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் 1985 முதல் கொடுமணலில் நடத்திய அகழாய்வில் கிடைத்த எழுத்துப் பொறித்த ஓடுகள் நூற்றுக்கணக்கானவை. குகைக் கல்வெட்டு அரசனும் வணிகக் குழுவும் துறவிக்குக் கொடுத்த கொடை பற்றியது. பானையோடு மணி கோத்தவனும் இரும்பு உருக்கியவனும் தன் பெயரைத் தானே கீறிக்கொண்டது. எழுத்தறிவு யாரிடம் இருந்தது என்ற கேள்வியே அதோடு மாறிவிட்டது.

எகிப்தில் கிடைத்த ஓர் ஓட்டைப் பற்றிச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. செங்கடல் கரையில் குசேர் அல்-கதீம் என்ற பழைய துறைமுகத்தில் பிரித்தானிய அகழாய்வுக் குழுவினருக்குக் கிடைத்த சேமிப்புச் சாடியின் உடைந்த துண்டு அது. சாடி இந்தியாவில் வனைந்தது என்று மட்கல ஆய்வாளர் ரொபெர்ட்டா டாம்பர் அடையாளம் கண்டார். அதில் இரண்டு இடங்களில் ஒரே சொற்றொடர்: 'பானை ஒறி'. உறியில் தொங்கவிடும் பானை என்று மகாதேவன் விளக்கினார். கிராமத்துச் சமையற்கட்டில் தயிர்ப்பானை தொங்கிய அதே உறி. மண்ணின் சேர்மானத்தை அறிந்தவரும், தமிழ் வீட்டுப் பொருளின் பேரை அறிந்தவரும் சேராமல் அந்த ஓடு பேசியிருக்காது.

இனி, கரிமக் கணிப்பு. வில்லார்ட் லிப்பி இம்முறையை நிறுவியது 1949இல். உயிரோடு இருக்கும் எதுவும் காற்றிலிருந்து கரிமம்-14ஐப் பெறுகிறது. இறந்ததும் வரத்து நின்று, 5,730 ஆண்டுகளுக்கு ஒருமுறை பாதியாகக் குறைகிறது. பழைய முறைக்குக் கிராம் கணக்கில் பொருள் வேண்டும். 1970களின் இறுதியில் வந்த ஏ.எம்.எஸ். (முடுக்கி நிறை நிறமாலை) முறைக்கு ஒரு நெல்மணி போதும். பொருந்தலுக்கும், 2014இலிருந்து முதலில் நடுவண் அரசும் பின்னர் மாநில அரசும் அகழ்ந்த கீழடிக்கும் இந்த வசதிதான் வழி திறந்தது. 2019இல் வெளியான கீழடி அறிக்கை, 353 செ.மீ. ஆழத்தில் எடுத்த மாதிரிக்குக் கி.மு. 580 என்ற காலத்தைத் தந்தது.

பொதுப் பேச்சில் இந்த எண்கள் கல்லில் செதுக்கிய ஆண்டுகள்போல வலம்வருகின்றன. இங்கே இயற்பியலாளர்கள் எப்போதும் சொல்லும் ஓர் எச்சரிக்கை, பெரும்பாலும் நம் காதில் விழாமலே போகிறது. காற்றில் கரிமம்-14 எல்லாக் காலத்திலும் ஒரே அளவாக இருந்ததில்லை. அதனால் ஆய்வகத்தில் அளந்த வயதை, மர வளையங்களை எண்ணி உருவாக்கிய திருத்தக்கோட்டோடு ஒப்பிட்டே நாட்காட்டி ஆண்டாக மாற்றுகிறார்கள். அந்தக் கோடு கி.மு. 800 முதல் 400 வரை ஏறக்குறைய படுகிடையாக ஓடுகிறது. ஆஸ்திரியாவின் ஹால்ஷ்டாட் ஊரின் பெயரால் அதைச் சமவெளி என்கிறார்கள். அதனால் இந்த நானூறு ஆண்டுகளுக்குள் விழும் ஒரு மாதிரி, அளவீடு எவ்வளவு துல்லியமாக இருந்தாலும், நூற்றாண்டுகள் அகலமான வீச்சையே தரும். பொருந்தலின் 490ம் கீழடியின் 580ம் விழுவது சரியாக அங்கேதான். தமிழ் எழுத்து அசோகருக்கு முந்தியதா என்ற கேள்வி, இயற்கை நம் கண்ணை மறைக்கும் அதே நூற்றாண்டுகளில் வந்து நிற்கிறது.

இதற்கு வழி இல்லாமலில்லை. ஒரே குழியில், மேலிருந்து கீழாக, அடுக்குக்கு அடுக்கு பல மாதிரிகளை எடுத்து, இது அதற்கு முந்தியது என்ற மண்ணின் வரிசையைப் புள்ளியியலோடு இணைத்தால் வீச்சு ஒடுங்கும். இலங்கையின் அநுராதபுரத்தில் ராபின் கானிங்காம் குழுவினர், பிராமி எழுத்துள்ள ஓடுகளின் காலத்தை ஒற்றை மாதிரியில் நிறுத்தாமல் அடுக்கு வரிசையின் தொடர் தேதிகளைக் கொண்டே வாதிட்டார்கள். 1996இல் வெளியான அந்த ஆய்வு அவற்றைக் கி.மு. நான்காம் நூற்றாண்டில் வைத்தது. அங்குள்ள மொழி பிராகிருதம் என்றாலும், அசோகருக்கு முன் தெற்கில் எழுத்து இருந்திருக்கலாம் என்ற வாதத்துக்கு அது வலுவான துணை. தமிழ்நாட்டிலும் எலி வளை தோண்டாத, பிற்காலக் குழி வெட்டாத இடங்களில் இத்தகைய தொடர் மாதிரிகள் பெருக வேண்டும். அகழாய்வுக் குறிப்பேட்டில் ஓடு கிடந்த இடமும் கரித்துண்டு கிடந்த இடமும் விரற்கடை பிசகாமல் பதிவாக வேண்டும். ஆய்வகம் எத்தனை நுட்பமாக அளந்தாலும், அந்தப் பதிவு இல்லாவிட்டால் அது கரித்துண்டின் வயதாகவே நின்றுவிடும்.

மகாதேவன், எழுத்து மௌரியர் காலத்தில் சமணர்களோடு தெற்கே வந்தது என்ற கருத்தையே ஆதரித்தார். ராஜன் அகழாய்வுச் சான்றுகளைக் கொண்டு அதை மறுக்கிறார். ஒருவர் எழுத்தின் இலக்கணத்திலிருந்து பேசுகிறார், மற்றவர் மண்ணடுக்கிலிருந்து. இரண்டு தரப்பையும் கட்சி கட்டாமல் படிப்பவருக்கு, இருவரும் வெவ்வேறு கேள்விகளுக்கு விடை சொல்கிறார்கள் என்பது விளங்கும்.

2006இல் தேனி மாவட்டத்து வைகைக் கரையில், புலிமான்கோம்பையில் மூன்று நடுகற்கள் வெளிப்பட்டன. அவற்றில் ஒன்று, கூடலூரில் நடந்த ஆகோள் பூசலில் இறந்த தீயன் அந்தவனுக்கு எடுத்த கல். ஆகோள் என்பது பகைவர் மாட்டைக் கவர்தல். அதுவரை இலக்கியத்திலும் இலக்கணத்திலும் மட்டுமே கண்ட சொல் கல்லிலேயே நின்றது. ஆனால் அதன் காலத்தைச் சொல்ல நெல் இல்லை, கரி இல்லை, ரோமானியக் கலமும் இல்லை. அந்த வீரனின் நூற்றாண்டைத் தேடுபவர் இன்றும், 1924இல் சுப்பிரமணிய ஐயர் செய்ததைப்போல, ஒவ்வொரு எழுத்தின் வளைவையும் கோட்டையும் பார்த்துத்தான் தொடங்க வேண்டியிருக்கிறது.