கரிசல் முதல் பிளவக்கல் வரை

அழகான சாலை என்றால் நம்மவர்களுக்குக் கொடைக்கானலும் குற்றாலமும்தான் நினைவுக்கு வரும். எம். புதுப்பட்டியிலிருந்து கிளம்பி சிவகாசி, மல்லி, ஸ்ரீவில்லிபுத்தூர், வத்திராயிருப்பு வழியாகப் பிளவக்கல் அணை வரை போகும் சாலையை யாரும் அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. எனக்கு அதில் வருத்தம் உண்டு. கரிசல் காட்டில் தொடங்கி நெல் வயலும் தென்னந்தோப்புமாக முடிகிற சாலை அது. போகும்போது மேற்குத்தொடர்ச்சி மலை கூடவே வரும்.

முதலில் கரிசல் பக்கத்தைச் சொல்கிறேன். வானம் பார்த்த பூமி. மழை தப்பினால் பிழைப்பும் தப்பும். 1922-ல் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தார்கள். விவசாயத்துக்குச் சாபமாக இருந்த வறண்ட வெயில், குச்சியும் மருந்தும் காய்வதற்கு வரமாயிற்று. 1927-ல் விருதுநகர்–தென்காசி ரயில் பாதை வந்தது; சரக்கு வெளியூர் போக வழி பிறந்தது. 1940-ல் வெடிபொருள் விதிகள் வந்தபின் உரிமம் பெற்ற பட்டாசு ஆலைகள் ஒவ்வொன்றாகத் தோன்றின. தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும். லேபிளுக்கு அச்சகம் வேண்டும். அச்சகம் காலண்டர் அடித்தது. ஒரு குச்சியிலிருந்து மூன்று தொழில்கள் கிளைத்தன.

நான் படித்தது புதுச்சேரியில், பிரெஞ்சு வழியில். ஜூலை 14 வாணவேடிக்கையை அங்கே 'ஃபெ தார்த்திஃபிஸ்' என்பார்கள். கைத்திறத்தால் ஆன தீ என்று பொருள் கொள்ளலாம். அந்தக் கைகள் யாருடையவை என்று சிறுவயதில் யோசித்ததில்லை. இந்தப் பக்கம் வந்து, காலையில் தூக்குவாளியோடு ஆலை வேனுக்குக் காத்து நிற்கும் பெண்களைப் பார்த்தபிறகுதான் அந்தச் சொல்லுக்கு எனக்கு முகம் கிடைத்தது.

வெளியூர் உறவினர்கள் காரில் வரும்போது, வேப்பமரங்களுக்கு நடுவே தள்ளித் தள்ளி நிற்கும் சின்னச் சின்ன வெள்ளை அறைகளைப் பார்த்து, "இது என்ன பூங்காவா?" என்று கேட்பதுண்டு. பட்டாசு ஆலை அது. அறைக்கும் அறைக்கும் இடைவெளி விட்டிருப்பது அழகுக்காக அல்ல. ஓர் அறை வெடித்தால் பக்கத்து அறை நிற்க வேண்டும். ஓர் அறையில் இத்தனை பேர்தான், இவ்வளவு மருந்துதான் என்று விதி உண்டு. ஆளும் மருந்தும் கூடும்போதுதான் சிறு விபத்து பெரிய விபத்தாகிறது. 2012 செப்டம்பர் 5-ல் முதலிப்பட்டியில் 30க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2023 அக்டோபர் 17-ல் எம். புதுப்பட்டி அருகே ரெங்கபாளையத்தில் 10க்கும் மேற்பட்டோர் போனார்கள், பெரும்பாலோர் பெண்கள். தீபாவளிக்கு ஒரு மாதம்கூட இல்லை.

சாலையோரச் சாப்பாட்டையும் விடக்கூடாது. இங்குள்ள டீக்கடைகளுக்கு ஆலை வேன்தான் கடிகாரம். வேன் வருமுன் வடை வெந்திருக்க வேண்டும். ராத்திரியானால் பரோட்டாக் கல் சூடேறும். விருதுநகர் எண்ணெய் பரோட்டா, சாத்தூர் சேவு, ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா மூன்றும் நம் மாவட்டத்தின் சொத்து. பால்கோவாவுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது.

சிவகாசியைத் தாண்டினால் மல்லி. மல்லி என்ற அரசியின் மக்களான வில்லியும் கண்டனும் காட்டுக்கு வேட்டைக்குப் போனதாகவும், கண்டன் புலிக்குப் பலியாக, வில்லி காட்டைத் திருத்தி வில்லிபுத்தூரை அமைத்ததாகவும் தலபுராணம். ஆண்டாள் கோயிலின் பதினொரு நிலைக் கோபுரம் தூரத்திலேயே தெரியும். அதற்கும் மேற்கே 1988-ல் சாம்பல் நிற அணில்களுக்காகச் சரணாலயம் அமைந்தது. அந்தக் காடு 2021-ல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகத்துக்குள் வந்தது. தலபுராணத்துப் புலிக்கு அரசாணையே கிடைத்துவிட்டது!

வத்திராயிருப்பு தாண்டினால் பிளவக்கல். மலையடிவாரத்தில் அணை, பக்கத்தில் பூங்கா. ஞாயிற்றுக்கிழமை போய்ப் பாருங்கள். கட்டுச்சோற்றை அவிழ்த்து உட்கார்ந்திருக்கும் குடும்பங்களில் விரல் நுனியில் அலுமினியப் பொடியின் சாம்பல் நிறம் போகாதவர்கள் இருப்பார்கள். வாரமெல்லாம் பூங்கா மாதிரித் தெரியும் இடத்தில் வேலை பார்த்தவர்களுக்கு அன்றுதான் உண்மையான பூங்கா.

இந்தச் சாலை நெடுகக் கோயில் வளைவு உண்டு, கொடிக்கம்பம் உண்டு, தலைவர்களுக்குச் சிலை உண்டு. பட்டாசு வேலையில் இறந்தவர்களின் பெயர் பொறித்த ஒரு கல்லை மட்டும் நான் இதுவரை பார்க்கவில்லை. ஆநிரை மீட்கப் போய் மாண்டவனுக்கு நடுகல் நட்ட இனம் நாம். ஊரார் கூடிப் பேசினால் ஊருக்கு ஒரு கல் பெரிய செலவில்லை. நம் வயதுக்காரர்கள்தான் இந்தப் பேச்சை எடுக்க வேண்டும். இறந்த பலரின் பெயரும் முகமும் நமக்குத்தான் இன்னும் நினைவிருக்கிறது.