விறகுக் கணப்படுப்பு நிறுவல்

குளிர்நாட்டு வீடுகளில் அறையைச் சூடாக்கும் வார்ப்பிரும்பு அல்லது எஃகு விறகடுப்பை, தீயும் நச்சுப்புகையும் வீட்டினுள் பரவாதவாறு பொருத்தும் முறை. அமெரிக்காவில் இதற்கான அடிப்படை விதிகளைத் தேசியத் தீத்தடுப்புச் சங்கத்தின் 211ஆம் தரநிலை வகுக்கிறது.

தரச்சான்று பெறாத அடுப்புக்கும் எரியக்கூடிய சுவருக்கும் இடையே 36 அங்குல இடைவெளி வேண்டும். சான்று பெற்றவற்றுக்கு உற்பத்தியாளர் குறித்த அளவே பொருந்தும். மரச்சுவரோடு ஒட்டிக் கட்டிய செங்கல் போதிய காப்பாகாது. வெப்பம் அதைக் கடந்து உள்ளிருக்கும் மரச்சட்டத்தை எட்டும். எனவே காப்புத்தகட்டுக்குப் பின்னே ஓர் அங்குலக் காற்றுவெளி விடப்படுகிறது.

புகைபோக்கியே நிறுவலின் உயிர்நாடி. அது கூரையைத் துளைத்து வெளிவரும் இடத்திலிருந்து 3 அடியும், 10 அடிக் கிடைத்தொலைவுக்குள் உள்ள எப்பகுதியையும்விட 2 அடியும் உயர்ந்திருக்க வேண்டும். ஈர விறகும் காற்றைக் குறைத்த மந்த எரிப்பும் குழாயினுள் கிரியோசோட் படியச் செய்யும். அது பற்றினால் புகைபோக்கித் தீ மூளும். ஆண்டாய்வும் துப்புரவும் கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவியும் இன்றியமையாதவை.

1740களில் பெஞ்சமின் பிராங்க்ளின் வடிவமைத்த இரும்புக் கணப்பு இவ்வகையின் முன்னோடிகளுள் ஒன்று. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 1988இல் புகைத்துகள் வரம்பை விதித்தது; 2020 முதல் அது மணிக்கு 2 கிராம், பிளந்த விறகால் சோதித்தால் 2.5 கிராம்.