வானவில்லும் ஏழு என்னும் எண்ணும்

வானவில்லில் நிறங்கள் எத்தனை என்று வினவினால், தமிழ்ப்பள்ளிச் சிறுவன் வானத்தைப் பாராமலே ‘ஏழு’ என்பான். நாம் கற்பித்த விடை அது; கண்ட விடையன்று.

வெண்ணொளி பல நிறங்களின் கூட்டு என்பதை முப்பட்டகக் கண்ணாடியால் நிறுவிய ஐசக் நியூட்டன், கேம்பிரிட்ஜ் விரிவுரைகளில் முதற்கண் எண்ணியவை சிவப்பு, மஞ்சள், பச்சை, நீலம், ஊதா என ஐந்தே. செம்மஞ்சளும் கருநீலமும் பின்னர்ச் சேர்ந்தன. 1704இல் வெளிவந்த தமது ஒளியியல் நூலில், நிறப்பட்டையை இசையின் ஏழு சுர இடைவெளிகளுக்கு ஒப்பப் பகுத்தார். ஏழிசை அறிந்த நமக்கு இவ்வொப்புமை இனிக்கத்தான் செய்யும். ஆயினும், இயற்கை அங்கே கோடு கிழித்து வைக்கவில்லை. இடைநிறங்கள் எண்ணிலடங்கா என்று 1672இல் எழுதியவரும் அவரே. ஆகவே, ‘ஐந்து’ என்னும் மாணவனுக்குப் பிழைக்குறி இடுதல் முறையாகுமா?

நியூட்டனுக்கு முந்நூறு ஆண்டுகளுக்கு முன்னரே, பாரசீக அறிஞர் கமாலுத்தீன் அல்பாரிசி நீர் நிறைந்த கண்ணாடிக் கோளத்தை ஒரு பெரிய மழைத்துளியாகக் கொண்டு வானவில்லை ஆராய்ந்தார். உருண்டைக் குடுவையும் காலை வெயிலும் இருந்தால் நாமும் அதனைச் செய்யலாம். கதிரவனுக்கு முதுகு காட்டி நின்று, நம் தலைநிழல் விழும் திசையிலிருந்து ஏறத்தாழ 42 பாகை உயரத்தில் குடுவையைப் பிடித்தால், அதன் கீழ்ப்பகுதியில் சிவப்பு மின்னும். சற்றே தாழ்த்தினால் மஞ்சள் வரும். இன்னும் தாழ்த்தினால் நீலம்.