மாதவிடாய் நஞ்சு: ஒரு கருதுகோளின் வரலாறு

தொண்டை அடைப்பான் நோய்க்கான தோல் சோதனையைக் கண்டறிந்து பெயர்பெற்றவர் பேலா ஷிக். வியன்னாவில் குழந்தை மருத்துவர். 1920இல் அவர் வெளியிட்ட ஒரு கட்டுரை ரோஜாப் பூக்களில் தொடங்குகிறது. தமக்கு வந்த பூக்களைத் தண்ணீரில் வைக்கும்படி பணிப்பெண்ணிடம் கொடுத்திருந்தார்; காலையில் பார்த்தால் அத்தனையும் வாடிக் கிடந்தன. விசாரித்தபோது, தனக்கு மாதவிலக்கு என்றும், அந்த நாட்களில் தான் தொடும் பூ எப்போதும் இப்படித்தான் ஆகும் என்றும் அவள் சொன்னாள். ஷிக் மாதவிலக்கில் இருந்த பெண்களின் கையில் பூக்களைக் கொடுத்துப் பார்த்தார். உடலிலிருந்து ‘மாதவிடாய் நஞ்சு’ ஒன்று வெளியேறுகிறது என்று முடிவும் கட்டினார்.

கறிவேப்பிலைச் செடி பட்டுப்போகும், ஊறுகாய் கெட்டுவிடும் என்று கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது பழைய கதைதான். முதல் நூற்றாண்டு ரோமாபுரியில் பிளினி எழுதியதும் ஏறக்குறைய இதுவே: புது மது புளிக்கும், விதைகள் வறளும். ஷிக் செய்தது அந்த நம்பிக்கைக்கு ஆய்வுக்கூடத்தில் இடம்போட்டுக் கொடுத்ததுதான். அடுத்த சில ஆண்டுகளில் அமெரிக்காவில் டேவிட் மாக்ட், மாதவிடாய்ப் பெண்களின் குருதிநீரில் செடி நாற்றுகளின் வேர் வளர்ச்சி குன்றுவதாக எழுதினார். 1940களில் ஹார்வர்டைச் சேர்ந்த ஸ்மித் தம்பதியர் மாதவிடாய்க் கழிவை எலிகளுக்கு ஊசியில் ஏற்றினர், எலிகள் செத்தன. நஞ்சு உறுதியானதுபோல் தோன்றியது. 1953இல் ஜெருசலேமில் பெர்ன்ஹார்ட் சோண்டக் அதே சோதனையை நுண்ணுயிர்க்கொல்லி சேர்த்துச் செய்தார். எலிகள் பிழைத்தன. எலிகளைக் கொன்றவை கழிவில் கலந்திருந்த கிருமிகளே.

ஷிக்கின் காலத்தில் இதைவிடக் கேடான பழைய பிழையொன்றும் நடமாடியது. 1840களில் பிஷோஃப் என்ற ஆய்வாளர் நாய்களை ஆராய்ந்து, அவை பருவத்துக்கு வரும்போதே சினைமுட்டை வெளியாவதைக் காட்டினார். நாய்க்கு அப்போது உதிரம் கசியும். எனவே பெண்ணுக்கும் மாதவிடாயும் முட்டை வெளியேற்றமும் ஒரே வேளையில் நிகழ்வதாக மருத்துவ உலகம் எடுத்துக்கொண்டது. கரு வேண்டாதவர்களுக்கு இரண்டு மாதவிலக்குக்கு நடுவிலுள்ள நாட்களை மருத்துவர்கள் பரிந்துரைத்தார்கள். கருத்தரிக்க அதிக வாய்ப்புள்ள நாட்களே அவை! ஜப்பானில் ஓகினோ 1924இலும், பின்னர் ஆஸ்திரியாவில் க்னௌஸும், அடுத்த மாதவிடாய்க்குச் சுமார் 14 நாட்கள் முன்பே முட்டை வெளியாகிறது என்று காட்டிய பிறகுதான் கணக்கு நேரானது.

பொறுமையாகப் பார்த்தவர்களும் இருந்தார்கள். ஷிக்கின் அதே வியன்னாவில் 1908இலேயே ஹிட்ஷ்மனும் ஆட்லரும், அதுவரை கருப்பை அழற்சி என்று நோய்ப் பெயர் சூட்டப்பட்ட மாற்றங்கள் பல, உட்சுவரின் இயல்பான மாதச் சுழற்சியே என்று விளக்கியிருந்தனர். அதற்குமேல் அந்தச் சுவர் கலைவதை நேரிலேயே கண்டவர் மார்க்கி என்ற ஆய்வாளர். ரீசஸ் குரங்கின் கருப்பை உட்சுவரில் சிறு துண்டை எடுத்து, அக்குரங்கின் கண்ணின் முன்னறையில் பதித்தார். அது அங்கே பிழைத்துச் சுழற்சிக்கும் உட்பட்டது. விழிவெண்படலத்தின் வழியே பார்க்கையில், ஹார்மோன் குறைந்ததும் திசு சுருங்கியது; சுருள் தமனிகள் மேலும் நெளிந்து, பல மணி நேரம் இறுகி நின்றன; பிறகு தளர்ந்தபோது குருதி கசிந்தது. 1940இல் வெளியான அவ்வறிக்கையில் நஞ்சுக்கு இடமே இல்லை. இரத்தம் நின்று, திசு பட்டு, உதிர்கிறது, அவ்வளவே.

அப்படியானால் கழிவில் எதுவுமே இல்லையா? இருந்தது. 1957இல் இங்கிலாந்தின் பிக்கிள்ஸ், மாதவிடாய்க் கழிவில் தசையைச் சுருங்கவைக்கும் பொருளொன்று இருப்பதாக அறிவித்தார். 1960களில் அது புரோஸ்டகிளாண்டின் என்று தெளிவானது. அது பூவை வாட்டவில்லை. பெண்ணின் கருப்பையையே இறுக்கிப் பிழிந்து வலியை உண்டாக்குகிறது. ஆஸ்பிரின் வகை மருந்துகள் இப்பொருள் உருவாவதைத் தடுக்கின்றன என்று ஜான் வேன் 1971இல் விளக்கினார். இன்று மருந்துக் கடையில் தரும் மெஃபெனமிக் அமில மாத்திரை அந்த வேலையைத்தான் செய்கிறது. வலி முற்றிய பின்பு போடுவதைவிடத் தொடங்கும்போதே, சாப்பிட்ட பின் போட்டால் நன்றாகக் கேட்கும். குடற்புண்ணோ சிறுநீரகக் கோளாறோ உள்ளவர்கள் முதலில் மருத்துவரைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.